ஓதின தண்ணீர்

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. கொழும்பில் ஏறினால் பண்டாரவளையில் இறக்கிவிட்டு, இனி உங்கள் பாடு என்று ரயில் நின்றுகொள்ளும். அங்கிருந்து மாட்டு வண்டிதான். அப்படியொரு வண்டியில், மூன்று வயதுப் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வெள்ளைத் துப்பட்டியைத் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு, கீழக்கரை ஸைனப் வந்து சேர்ந்தாள். கூட உட்கார்ந்திருந்த புருஷன் ஹாஷிம் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. பசார் வீதி நெருங்கியதும் வண்டிக்காரனிடம், "பின்பக்கமாப் போப்பா, பின்பக்கமா" என்று மட்டும் சொன்னான்.

ஏன் பின்பக்கம்? சொல்கிறேன். கடலுக்கு அக்கரையிலிருந்து வந்து பதுளையில் கடை போட்டவர்கள் அப்போது பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டி வந்தது கிடையாது. இரண்டு மூன்று வருஷம் கடையிலேயே கிடப்பது, ஆறு மாதம் ஊருக்குப் போவது, தொட்டிலில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பி வருவது. இதுதான் ஆம்பிளைக்கு அழகு என்று அவர்களே முடிவு பண்ணி வைத்திருந்தார்கள். பெண்டாட்டியைக் கூட்டி வருகிறவனை எப்படியெல்லாம் கிண்டல் பண்ணுவார்கள் என்பது ஹாஷிமுக்கு நன்றாகத் தெரியும். முன்பு ஒருத்தன் பெண்டாட்டியைக் கூட்டி வரப்போகிறேன் என்று வாயெடுத்தபோது முதலில் சிரித்தவனே இவன்தான்.

ஆனால் ஸைனப் விடவில்லை. அவள் உம்மா மௌத்தாகி நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு ஹாஷிம் ஊருக்குப் போயிருந்தான். குழந்தை ஜெஸீமாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். அவள் வயிற்றில் இருக்கும்போது கப்பலேறியவன். குழந்தை அவனைப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு யாரும்மா?" என்று கேட்டது. ஸைனப் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "மச்சான், இனிமே நீங்க எங்க இருக்கீங்களோ நானும் புள்ளையும் அங்கதான். இல்லேன்னா கடையை இங்க தூக்கிட்டு வாங்க." தாயை இழந்தவள் அழுதுகொண்டே கேட்கும்போது யாரால் மறுக்க முடியும்? சரி என்று தலையாட்டிவிட்டான். பாவம், அந்தத் தலையாட்டலைத் திரும்ப வாங்க முடியாமல்தான் பதுளை வரைக்கும் வாய் மூடி வந்தான்.

"கொஞ்ச நாள் போகட்டும் ஸைனபு. நேரம் பார்த்து நானே எல்லார்ட்டயும் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் முன்பக்கம் வராதே" என்றான் வந்த அன்று.

அந்தக் கொஞ்ச நாள் ஏழு மாதமாயிற்று.

கடைக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. அதற்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம், கிணறு, மூங்கில் வேலி. வேலிக்கு அந்தப்புறம் ஒரு சிங்களக் கிழவி குடியிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குச் சிங்களம் தெரியாது. காலையில் தண்ணீர் இறைக்கும்போது இரண்டு பேரும் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். சிரிப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? இரண்டாம் மாதத்தில் ஸைனப் கிழவியிடம் தமிழிலேயே பேச ஆரம்பித்தாள். இன்றைக்கு என்ன ஆணம் வைத்தேன், ராத்திரி கூரை எங்கே ஒழுகியது, எல்லாம் சொல்வாள். கிழவியும் தன் பங்குக்கு ஏதோ சொல்வாள். அவரவர் துக்கத்தை அவரவர் பாஷையில் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள்.

குழந்தையின் பாடு இன்னும் மோசம். கடைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவு இருந்தது. அதற்குக் கீழே நாலு விரல் இடைவெளி. ஜெஸீமா நாள் முழுக்கத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்த இடைவெளி வழியாகக் கடைக்கு வருகிறவர்களின் கால்களைப் பார்ப்பாள். தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் கம்பளி வாங்க வருவார்கள், சேலை வாங்க வருவார்கள். சேறு படிந்த கால், வெள்ளி மிஞ்சி போட்ட கால், அட்டை கடித்து ரத்தம் காய்ந்த கால். ஒவ்வொரு காலுக்கும் அவள் ரகசியமாக ஸலாம் சொல்வாள். ஒரு காலும் பதில் சொன்னதில்லை.

அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் ஸைனபுக்கு ஊர் ஞாபகம் வரும். கீழக்கரையில் இந்த வயதுப் பிள்ளை ஒரு நாளில் எட்டு வீட்டில் சாப்பிட்டு ஒன்பதாவது வீட்டில் தூங்கும். பெற்றவளே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான்தான் அடம்பிடித்துக் கூட்டி வந்தேன், நான்தான் என் பிள்ளையைக் கால்களோடு பேச வைத்தேன் என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பதுளை மழைக்கு வெட்கமே கிடையாது, போ என்றாலும் போகாது. அந்த மழையில்தான் ஜெஸீமாவுக்குக் காய்ச்சல் வந்தது.

முதல் நாள் சாதாரணமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் உடம்பு கொதித்தது. ஹாஷிம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், பிள்ளையைக் காட்டாமலே விவரம் சொல்லி, ஒரு போத்தல் கசப்பு மருந்து வாங்கி வந்தான். எத்தனை வேளை என்று போத்தலில் காகிதத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். மருந்து கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், பிற்பகல் அஸர் நேரத்துக்கு மறுபடி ஏறும். ஐந்தாம் நாள் குழந்தை கதவடிக்குப் போகவில்லை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

"மச்சான், பள்ளிவாசலுக்குத் தூக்கிட்டுப் போய் ஓதி ஊதிக்கிட்டு வாங்க" என்றாள் ஸைனப்.

"மழையில எப்படித் தூக்கிட்டுப் போறது? நாளைக்குப் பள்ளிவாசல்ல ஓதுற லெப்பையை வீட்டுக்குக் கூட்டிட்டு வாறேன். இந்த ஊர்ல அதுதான் வழக்கம்."

மறுநாள் லெப்பை வரவில்லை. கேட்டதற்கு, "நாளைக்கு" என்றான். அதற்கு அடுத்த நாளும் அதே "நாளைக்கு." ஸைனபுக்குப் புரிந்துவிட்டது. லெப்பை வந்தால் பிள்ளையைப் பார்ப்பார். பிள்ளையைப் பார்த்தால் தாயைக் கேட்பார். கேட்டால் பசார் முழுக்கத் தெரிந்துவிடும். எதிர்க்கடை ஸலீம் சிரிப்பான். ஒருத்தன் சிரித்துவிடுவானே என்பதற்காக ஒரு பிள்ளையைக் காய்ச்சலில் போட்டு வைக்கலாமா? யா அல்லாஹ், இப்படியும் ஒரு தகப்பனா என்று நினைத்தாள். ஆனால் அவனிடம் சண்டை போடவில்லை. சண்டை போட நேரமில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹாஷிம் கடையைச் சாத்திவிட்டு ஸலீமோடு மஃரிபு தொழுகைக்குக் கிளம்பினான். அவர்கள் செருப்புச் சத்தம் அடங்கியதும் ஸைனப் எழுந்தாள். வெண்கலக் கிண்ணம் ஒன்றைக் கழுவித் தண்ணீர் பிடித்தாள். பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டு, மேலே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பின்வாசலைத் திறந்தாள்.

அவள் ஊரில் இது சின்ன விஷயம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் மஃரிபு நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் தண்ணீரோடு நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிற ஒவ்வோர் ஆணும் குர்ஆனிலிருந்து ஒரு சூரா ஓதித் தண்ணீரிலும் பிள்ளை மேலும் ஊதிவிட்டுப் போவான். யார் வீட்டுப் பிள்ளை என்றுகூடக் கேட்கமாட்டார்கள். குனிந்து, ஊதி, நடந்துகொண்டே இருப்பார்கள். அந்த நாற்பது ஐம்பது பேரில் யாரோ ஒருத்தன் மூச்சை ஆண்டவன் ஏற்றுக்கொள்வான் என்று ஒரு நம்பிக்கை.

பள்ளிவாசல் எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஏழு மாதமாகப் பாங்கு சத்தம் வந்த திசைதான் தெரியும். ஒரு சந்தைக் கடந்தாள், தப்பாகத் திரும்பினாள், தேயிலைப் பெட்டி ஏற்றிய வண்டிக்கு ஒதுங்கினாள். தொப்பி போட்ட இரண்டு பேர் அவசரமாகப் போவதைப் பார்த்து அவர்கள் பின்னாலேயே போனாள். கிண்ணத்துத் தண்ணீர் சிந்தச் சிந்த மழை அதை நிரப்பியது.

பள்ளிவாசல் வாசலில் கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே மூன்று பெண்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு தகரக் குவளை வைத்திருந்தார்கள். அதைக் கண்டதும் ஸைனபுக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. நம்மைப் போல இவர்களும் தண்ணீர் ஓத வந்திருக்கிறார்கள், இந்த ஊரிலும் பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்து, "இப்பிடி வாங்க புள்ள, நனையாம நில்லுங்க" என்றாள். ஏழு மாதத்தில் ஒரு பெண் அவளிடம் தமிழில் சொன்ன முதல் வார்த்தை அது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

குவளைகளில் தண்ணீர் இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. வியாழன் மாலையென்றால் வெள்ளி இரவு பிறந்துவிடுகிறது, அன்றைக்குத்தான் ஏழை எளியவர்கள் ஸதகாக் காசு வாங்க அந்த வாசலுக்கு வருவார்கள் என்பது அவளுக்கு யார் சொல்லித் தெரியும்?

தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். முதலில் வந்தவர் ஷுக்ரி ஹாஜியார், அந்த ஊர் ஜமாஅத்துக்குப் பெரியவர். ஸைனப் கிண்ணத்தை நீட்டினாள், தோளில் இருந்த பிள்ளையின் முகத்தைத் துப்பட்டிக்கு வெளியே திருப்பிக் காட்டினாள். அவர் மடியைத் தடவினார். ஏதோ முணுமுணுத்தார். ஓதுகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டொப்பென்று ஒரு சத்தம். கிண்ணத்துத் தண்ணீரில் ஐந்து சதக் காசு ஒன்று கிடந்தது.

"அல்லா தருவான், புள்ள" என்று சொல்லிவிட்டு ஹாஜியார் படியிறங்கினார்.

ஸைனபுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்தவருக்குக் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அவரும் ஒரு காசு போட்டார். பெரியவர் போட்டதைப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தவர்களும் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் கையை உயர்த்த உயர்த்த, இன்னும் கேட்கிறாள் என்று நினைத்து இரண்டாவது காசும் போட்டார்கள். காசு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்நிய ஆண்பிள்ளையின் காதில் குரல் விழக் கூடாது என்று வளர்த்த வளர்ப்பு வாயைத் திறக்க விடவில்லை. தண்ணீரின் மேல் யார் மூச்சும் படவில்லை. தோளில் பிள்ளை அனலாகக் கொதித்தது.

அப்போது ஹாஷிம் வந்தான். பக்கத்தில் ஸலீம்.

ஹாஷிம் முதலில் கிண்ணத்தைப் பார்த்தான். அப்புறம் கம்பளியைப் பார்த்தான், அவன் கடைக் கம்பளி. அப்புறம் துப்பட்டி மடிப்புக்குள் தெரிந்த கண்களைப் பார்த்தான். அவன் முகம் செத்துப் போயிற்று. ஸைனப் அவனையே பார்த்தாள். வந்துவிட்டார், இனி எல்லாம் இவர் பார்த்துக்கொள்வார், பிள்ளையை வாங்கிக்கொள்வார் என்று அவள் தோள் தானாகவே தளர்ந்தது.

"பாவம் காக்கா, அக்கரைப் பொம்பளை மாதிரி இருக்கு. எவனோ வுட்டுட்டுப் போயிட்டான் போல" என்று ஹாஷிமை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னான் ஸலீம், ஒரு காசைப் போட்டபடி.

ஹாஷிம் மடிக்குள் கைவிட்டான். சத்தம் வராமல், தண்ணீரைத் தொட்டு வைப்பதுபோல் ஒரு காசை வைத்தான். வைத்துவிட்டுப் போனான்.

அட, போயே போனான். நாலு படி இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஸைனபுக்குள் ஏதோ அறுந்தது. வளர்ப்பாவது மண்ணாவது. "நில்லுங்க!" என்று கத்தினாள். பதுளை ஊர் அவள் குரலைக் கேட்டது அன்றைக்குத்தான். தெருவில் இறங்கியவர்கள்கூட அப்படியே நின்றார்கள்.

"நான் பிச்சைக்கு வரல! புள்ளைக்கு எட்டு நாளாக் காய்ச்சல். எங்க ஊர்ல பள்ளிவாசல்ல தண்ணியோட நின்னா ஓதி ஊதுவாங்க, காசு போடமாட்டாங்க. எனக்கு உங்க காசு வேணாம். ஊதிட்டுப் போங்க!"

ஷுக்ரி ஹாஜியார் திரும்பிப் படியேறி வந்தார்.

"எங்கட பிழை, புள்ள. இந்த ஊருல லெப்பை வீட்டுக்கு வந்துதான் ஓதுவாரு. எங்களுக்கு விளங்கல்ல, நீங்க மன்னிக்கணும்" என்றார். கிண்ணத்தை வாங்கி, காசையெல்லாம் பக்கத்தில் இருந்த மூன்று பெண்களுக்கும் கொடுத்தார். தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்ளே ஹவுள் தொட்டியில் தாமே போய்ப் புதுத் தண்ணீர் எடுத்து வந்தார். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஒருத்தரும் போகப்படாது. எல்லாரும் வந்து ஓதிட்டுப் போங்க!"

முதலில் அவரே ஓதினார். குழந்தையின் நெற்றியில் ஊதினார், தண்ணீரில் ஊதினார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. கடைக்காரர்கள், தையற்காரர், வண்டிக்காரர், பெயர் தெரியாத யார் யாரோ. கொஞ்ச நேரத்துக்கு முன் காசு போட்ட அதே கைகள் இப்போது நெஞ்சில் இருந்தன. ஸலீம் ஹாஷிமின் கையைப் பிடித்து இழுத்து வந்து வரிசையில் நிறுத்தினான். "வா காக்கா, நம்ம ஊர்ப் புள்ள போல, ஊதிட்டுப் போவோம்" என்றான். ஹாஷிம் இழுத்த இழுப்புக்கு வந்தான்.

வரிசை நகர நகர ஹாஜியார் மெதுவாகக் கேட்டார்: "யாருட வீட்டுப் புள்ள நீங்க? இந்தப் புள்ளட வாப்பா இருக்காரா?"

ஸைனப் நிமிர்ந்தாள். வரிசையைப் பார்க்கவில்லை. ஹாஜியார் முகத்தைப் பார்த்தே சொன்னாள்:

"இருக்காங்க. இப்பத்தான் இந்தக் கிண்ணத்துல காசு போட்டுட்டுப் போனாங்க."

நாற்பது பேரும் காசு போட்டவர்கள்தாம். ஒவ்வொருவனும் பக்கத்தில் நின்றவன் முகத்தைப் பார்த்தான், அவன் இவனைப் பார்த்தான். ஸலீம் சிரிக்க வாயெடுத்து, பிடித்திருந்த ஹாஷிமின் கை உருவிக்கொள்ளப் பார்ப்பதை உணர்ந்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டான். பிடியை மெல்ல விட்டான்.

ஹாஷிம் வரிசையை விட்டு வெளியே வந்தான். எல்லாரும் வழி விட்டார்கள். அவள் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினான்.

"புள்ளையக் கொடு, ஸைனபு."

"மொதல்ல ஓதுங்க" என்றாள் அவள்.

சின்னப் பிள்ளைகூடத் தூக்கத்தில் சொல்லும் ஃபாத்திஹா சூரா, ஏழே வரி. ஹாஷிமுக்கு இரண்டாவது வரிக்கு மேல் வரவில்லை. நின்றபடியே அழுதான். பக்கத்தில் நின்ற ஹாஜியார் விட்ட இடத்திலிருந்து மெதுவாக எடுத்துக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல இவன் சொன்னான். கடைசியில் ஊதினபோது மூச்சு வந்ததோ, அழுகை வந்ததோ, பிள்ளை மேல் பட்டது. ஸைனப் அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் கொடுத்தாள்.

காய்ச்சல் சனிக்கிழமை காலையில் இறங்கியது, திரும்ப ஏறவில்லை. பசாரில் இருந்தவர்கள் ஓதின தண்ணீர்தான் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் கசப்பு மருந்துதான் என்றிருப்பார்கள். ஸைனப் இரண்டுக்கும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள்.

ஹாஷிம் பயந்தபடி யாரும் அவனைக் கிண்டல் பண்ணவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஸலீம் அவனிடம் ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பித்தான். கடைக்கு வருகிறவர்கள் முதலில், "புள்ளைக்கு எப்படி?" என்று கேட்டார்கள், பதிலைக் கேட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தார்கள். பத்து நாள் பொறுத்துப் பார்த்தான். ஒரு மத்தியானம் அறைக்குள் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"ஸைனபு, நீ ஊருக்குப் போயிடுறியா? நானே வந்து கப்பலேத்தி விடுறேன். இங்க உனக்கு யாரு இருக்கா? எனக்கும் இவங்க மூஞ்சியில முழிக்க முடியல."

ஸைனப் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கடைசி வாயை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்ட பிறகுதான் பேசினாள்.

"நான் எதுக்குப் போகணும்? இந்த ஊர்ல நாப்பது பேரு எம் புள்ளைக்காக ஓதியிருக்காங்க. அவளுக்கு இங்க ஆளு இருக்கு, மச்சான். முழிக்க முடியலேன்னா நீங்க போயிட்டு வாங்க."

சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.